மோட்டார் ஓடுகிறது, புகை வரவில்லை: நெபுலைசர் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளில் பரணில் கிடந்த நெபுலைசர், அதாவது மருந்தைப் புகை மாதிரிப் பொடித்துளியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் மிஷின், கீழே இறங்கும். எட்டு மாதம் தொடாத மிஷின் முதல் நாளே மக்கர் பண்ணும். உடனே "மோட்டார் போயிடுச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மோட்டார் அவ்வளவு சுலபத்தில் போகாது. கோளாறு அநேகமாக மாஸ்க்குக்கும் டியூபுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மருந்துக் கப்பில்தான் இருக்கும். அதனால் தேடுவதை மாஸ்க் பக்கமிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். கடைசியாகத்தான் மிஷின்.

ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்வோம். மூச்சு வாங்குகிறவருக்கு உதடோ நகமோ நீலம் பாரித்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், குழந்தைக்கு விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், மிஷினை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீழே சொல்வதெல்லாம் நோயாளி நிதானமாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

காற்று போகும் பாதை

வீடுகளில் அதிகம் இருப்பது கம்ப்ரசர் வகை. மிஷினுக்குள் ஒரு பிஸ்டன், வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து டியூபுக்குள் தள்ளும். டியூப் போய்ச் சேரும் கப்பின் அடியில் ஒரு கூம்பு, அதன் உச்சியில் ஊசிமுனை அளவு ஓட்டை. காற்று அந்த ஓட்டையில் பீறிடும்போது சுற்றி அழுத்தம் குறைகிறது. கீழே கிடக்கும் மருந்து தானாக மேலே ஏறுகிறது. ஏறிய மருந்து காற்றில் சிதறி, மேலே இருக்கும் தடுப்பில் மோதி, பொடிப்பொடித் துளியாகிறது. 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை உள்ள துளிதான் நுரையீரலின் சின்னக் குழல்கள் வரை போகும். அதைவிடப் பெரியது தொண்டையிலேயே தங்கிவிடும்.

மருந்து மேலே ஏறுவதற்குக் காரணம், கூம்பின் மேல் கவிழ்த்து வைக்கும் ஒரு குட்டித் தொப்பி. சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக். சில கப்புகளில் அது மூடியோடு ஒட்டியே இருக்கும், சிலவற்றில் தனியாகக் கழன்று வரும். தனியாக வருகிற ரகம் வைத்திருப்பவர்கள் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

மோட்டார் சத்தம் சரி, புகை துளிகூட இல்லை

கப்பைத் திறந்து பாருங்கள். அந்தத் தொப்பி இருக்கிறதா? பாத்திரம் கழுவும் தொட்டியில் கப்பை அலசும்போது அது தண்ணீரோடு ஓடிவிடுவது அன்றாடம் நடக்கிற கூத்து. தொப்பி இல்லாவிட்டால் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். மருந்து அடியில் அப்படியே கிடக்கும். அதற்கு வேறு வைத்தியம் கிடையாது. தொப்பி தனியாகக் கிடைப்பது அரிது, கப் செட்டாக வாங்க வேண்டியதுதான். இனிமேல் வடிகட்டியில் வைத்து அலசுங்கள்.

தொப்பி இருந்தால், அது கூம்பில் முழுசாக அமர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் மருந்து ஏறாது.

அடுத்து மருந்தின் அளவு. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 0.5 முதல் 1 மில்லி வரை கப்பின் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் 15 மில்லி பாட்டிலில் வரும் மருந்து கெட்டியானது, ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம். டாக்டர் அரை மில்லி எழுதியிருப்பார், கூடவே நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) கலக்கவும் சொல்லியிருப்பார். சலைன் தீர்ந்துவிட்டது என்று அரை மில்லியை மட்டும் ஊற்றி ஓட்டினால், அந்த அரை மில்லியும் கப்புக்கே போய்விடும். மிஷினில் பழுதே இல்லை. சால்பூட்டமாலே 2.5 மில்லி ரெஸ்பியூலாக (ஒரு வேளைக்கான சின்னப் பிளாஸ்டிக் குப்பியாக) வந்தால் அது ஏற்கெனவே கலந்த மருந்து. அதோடு இன்னும் சலைன் சேர்க்கலாமா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சலைன் என்றால் 0.9 சதவீத நார்மல் சலைன்தான். வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பில்லாத தண்ணீர் துளியாகப் போனால் மூச்சுக்குழல் இன்னும் சுருங்கும், இருமல் கிளம்பும். சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுவதும் கூடாது. ட்ரிப் ஏற்றும் பெரிய சலைன் பாட்டிலைத் திறந்துவைத்து வாரக்கணக்கில் எடுத்து எடுத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். திறந்த பாட்டிலில் கிருமி வளரும். 5 அல்லது 10 மில்லி பிளாஸ்டிக் குப்பிகளாகவே கிடைக்கிறது.

தொப்பி, மருந்து இரண்டும் சரியென்றால் மிச்சம் அந்த ஓட்டைதான். அடைத்திருக்கிறதா என்று பார்க்க, மிஷினை அணைத்துவிட்டு டியூபைக் கழற்றிக் கூம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் சுத்தமான ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை மாதிரியோ தெரிந்தால் உப்பு படிந்திருக்கிறது. கடலோரத்துப் போர் தண்ணீரில் கழுவும் வீடுகளில் இது சீக்கிரமே வரும்.

ஊசி, குண்டூசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். ஓட்டை ஒரு மயிரிழை அகன்றாலும் துளி பெரிதாகிவிடும். புகை முன்னைவிட அடர்த்தியாக வருவதுபோலத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

சரியான முறை: ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர். மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமில்லாத வினிகர் போதும். கப், மூடி, தொப்பி மூன்றையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு கெட்டியாகப் படிந்திருந்தால் ஒரு மணி நேரம். பிறகு நன்றாக அலசி, கப்பை மிஷினில் மாட்டி, மருந்தில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் ஈரம் சிதறி வெளியே வரும்.

கொதிக்க வைத்த தண்ணீரில்தானே அலசுகிறோம், எப்படி உப்பு படியும் என்று கேட்பவர்கள் உண்டு. கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். அதனால் கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அதில் இருக்கட்டும்.

புகை வருகிறது, ஆனால் மருந்து தீர அரை மணி நேரம் ஆகிறது

நல்ல நிலையில் உள்ள மிஷினில் 2.5 முதல் 3 மில்லி மருந்து பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

கப்பை டியூபிலிருந்து கழற்றுங்கள். மிஷினைப் போட்டு, டியூபின் நுனியைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று விநாடி அடையுங்கள். விரலைக் காற்று உந்த வேண்டும், மோட்டார் சத்தமும் மாற வேண்டும். சத்தம் மாறவே இல்லையென்றால் காற்று வேறெங்கோ கசிகிறது. இப்போது டியூபையும் கழற்றி, மிஷினில் காற்று வெளிவரும் மூக்கையே விரலால் அடையுங்கள். அங்கே அழுத்தம் பலமாக இருந்தால் குற்றவாளி டியூப். அங்கேயும் சோப்ளாங்கியாக இருந்தால் ஃபில்டர் அல்லது மிஷின்.

டியூப் பழசாக ஆக மஞ்சளாகி விறைக்கும், முனை வாய் அகன்று தொளதொளக்கும். முனை வெறும் குழலாக, தனியாகப் பிடிப்பு எதுவும் இல்லாத ரகமாக இருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டினால் இறுகப் பிடிக்கும். இது கொஞ்ச நாளைக்குத் தாங்கும் ஒட்டுவேலை, அவ்வளவுதான். நடுவில் மடிப்பு விழுந்த இடம் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தால் அந்த டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

ஃபில்டர் மிஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும் வெள்ளைப் பஞ்சுத் துண்டு. சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். சில கம்பெனிகள் 60 நாளைக்கு ஒருமுறை என்று கையேட்டில் போட்டிருக்கும், சில ஆறு மாதம் என்று சொல்லும். ஆனால் சாமி ரூமில் தினமும் ஊதுபத்தி, ராத்திரி கொசுவர்த்திச் சுருள் என்று இருக்கும் வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃபில்டர் கிடைக்கவில்லை என்று மருத்துவப் பஞ்சைத் திணிக்காதீர்கள். பஞ்சு இழை உள்ளே போய் பிஸ்டனில் சிக்கும். ஃபில்டரைக் கழுவி ஈரத்தோடு மாட்டுவதும் கெடுதல். இன்னொன்று, ஃபில்டர் தூசியைத்தான் நிறுத்தும், புகையை நிறுத்தாது. போகி காலையில் ஜன்னலோரம் மிஷினை வைத்து ஓட்டினால் தெருவில் எரியும் டயர் நாற்றமும் மருந்தோடு சேர்ந்து உள்ளே போகும்.

இதற்கெல்லாம் அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் நல்லது. புது கப் செட் வாங்கிய அன்றே 3 மில்லி நார்மல் சலைனை ஊற்றி ஓட்டி, புகை விட்டுவிட்டுத் திக்க ஆரம்பிக்கும் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அந்த எண்ணையும் தேதியையும் மார்க்கரால் மிஷினின் அடியில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை இதே சோதனை. எட்டு நிமிடம் எடுத்தது பன்னிரண்டுக்குப் போனால் ஃபில்டர், அதற்கும் மசியவில்லை என்றால் கப். இந்த இரண்டையும் மாற்றியும் நேரம் குறையவில்லை என்றால்தான் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது.

மாஸ்க்கிலிருந்து மருந்து சொட்டுகிறது

கப் சாய்ந்திருக்கும். படுக்க வைத்துக்கொண்டு நெபுலைசர் வைத்தால் இப்படித்தான் ஆகும். உட்கார வையுங்கள், முடியாவிட்டால் தலையணை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். கப் நேராக நிற்கட்டும். நேராக இருந்தும் சொட்டினால் உள்ளே போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே மருந்து இருக்கிறதா பாருங்கள்.

கண் எரிகிறது, பார்வை மங்குகிறது

மாஸ்க் மூக்குப் பக்கம் தூக்கி நிற்கிறது. மூச்சுக்குழலை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியம் கலந்தது கண்ணில் பட்டால் கண்ணின் கருமணி (கண் பாப்பா) விரியும். கண் அழுத்த நோய் உள்ள பெரியவர்களுக்கு இது ஆபத்து. பெரியவர்கள் மாஸ்க்கை விட்டு வாயில் கவ்வும் மவுத்பீஸுக்கு மாறலாம். குழந்தைக்கு அதன் அளவு மாஸ்க் வேண்டும். பெரியவர் மாஸ்க்கைக் குழந்தை முகத்துக்கு எதிரே நாலு விரல் தள்ளிப் பிடித்தால், புகை ரூம் முழுக்கப் பரவும். குழந்தைக்குப் போவது சொற்பம்தான். அழுகிற குழந்தைக்கும் அப்படியே. மூச்சுக்குழல் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான பியூடசோனைடு வைத்த பிறகு முகத்தைத் துடைத்து, வாய் கொப்பளிக்க வையுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

கடைசியில் கொஞ்சம் மருந்து எப்போதும் மிச்சம்

அது இயல்பு. புகை திக்க ஆரம்பித்ததும் கப்பின் பக்கத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டினால் சுவரில் ஒட்டிய துளிகள் கீழே இறங்கும், இன்னும் ஒரு நிமிடம் ஓடும். அதற்கு மேல் ஓட்டி லாபமில்லை. மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளை மருந்தை அதன் மேலேயே ஊற்றாதீர்கள். ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகிவிடுவதால் மிஞ்சியிருப்பது கெட்டியான மருந்து, அதோடு மூச்சுக்காற்று பட்ட மருந்து.

நடுவில் நின்றுவிடுகிறது, அல்லது உறுமுகிறது, கிளம்பவில்லை

வீட்டு மிஷின்கள் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்தவை அல்ல. பலவற்றில் 20 நிமிடம் ஓட்டம், 40 நிமிடம் ஓய்வு. உங்கள் மிஷினின் கணக்கு அடியில் ஒட்டிய தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். வீட்டில் இரண்டு பேருக்கு அடுத்தடுத்து வைத்தால் சூடேறி உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அணைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டால் தானாகச் சரியாகும். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைந்து இன்னும் சீக்கிரம் நிற்கும். பலகையோ ஸ்டூலோ போதும்.

உறுமிக்கொண்டு கிளம்பாமல் நின்றால் முதலில் கரன்ட்டைச் சந்தேகியுங்கள். 230 வோல்ட் மிஷின் அது. சாயங்காலம் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிற அளவுக்கு வோல்டேஜ் இறங்கினால் பிஸ்டனை முதல் தள்ளு தள்ள மோட்டாருக்குத் தெம்பிருக்காது. உறுமவிட்டே வைத்திருந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகும். இன்வெர்ட்டரில் மட்டும் உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இதே மிஷின் உறுமாமல் ஓடும்.

ஸ்விட்சை இரண்டு மூன்று தடவை தட்டினால்தான் ஓடுகிறது என்றால் அது உப்புக்காற்றின் வேலை. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் பிளக்கின் பித்தளைக் கால்கள் பச்சை பூத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கால்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் போதும். உள்ளே இருக்கும் ஸ்விட்சை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

டியூபுக்குள் தண்ணீர் முத்து, பூஞ்சை வாடை

மழைக்கால ஈரக்காற்றை அமுக்கினால் டியூபில் தண்ணீர் கோக்கும். கப்பைக் கழற்றிவிட்டு, டியூபை மட்டும் மாட்டி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள், காய்ந்துவிடும். டியூபின் உள்பக்கத்தைக் கழுவவே கூடாது, காயவைக்க வழியில்லை. உள்ளே கருப்புப் புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கப்பையும் மாஸ்க்கையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசி, சுத்தமான துணி மேல் கவிழ்த்துக் காயவையுங்கள். தினமும் ஒருமுறை கிருமி நீக்கம். கொதிநீர் தாங்கும் என்று கையேடு சொன்னால் கப்பை 5 நிமிடம் கொதிக்க விடலாம். இல்லாவிட்டால் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம், அல்லது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். மெல்லிய மாஸ்க்கைக் கொதிக்க வைத்தால் சுருண்டுவிடும். வினிகர் உப்பை எடுக்கும், கிருமிக்கு அதை நம்ப வேண்டாம்.

தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் வாடை வருகிற கப்பும் உண்டு. வேது பிடிப்பதும் இதுவும் ஒன்றென்று யாரோ ஊற்றியிருப்பார்கள். வேது சூட்டில் எழும் ஆவி. நெபுலைசர் ஊற்றியதை எண்ணெயானாலும் துளியாக்கி நுரையீரலுக்குள்ளேயே இறக்கிவிடும். எண்ணெய் அங்கே தங்கினால் நிமோனியா மாதிரி அழற்சி வரும். அந்தக் கப்பைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள்.

எந்த வகை வாங்குவது

காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் மருந்தைப் புகையாக்கும் அல்ட்ராசோனிக் வகையைத் தள்ளிவிடலாம். பியூடசோனைடு தண்ணீரில் கரையாமல் மிதக்கும் பொடி. அந்த மிஷினில் தண்ணீர் புகையாகப் போகும், பொடி பெரும்பாலும் கப்பிலேயே தங்கும்.

மீதி இரண்டு, கம்ப்ரசரும் மெஷ்ஷும். மெஷ் உள்ளங்கைக்குள் அடங்கும், சத்தமில்லை, தூங்குகிற குழந்தைக்கு வைக்கலாம், மிச்சம் தங்கும் மருந்தும் குறைவு. பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அதை நினைத்தால் மெஷ் மேல் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதன் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஓட்டைகள். பியூடசோனைடு காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் டிஸ்டில்டு வாட்டரை விட்டு, யாரும் மூச்சிழுக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும். தகட்டை விரலாலோ இயர்பட்ஸாலோ தொட்டால் தீர்ந்தது. புகை திடீரென்று நின்றால் தகட்டில் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கலாம், லேசாகத் தட்டி முன்பக்கம் சாயுங்கள். வராவிட்டால் கப்பும் மிஷினும் சேரும் உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதன் பிறகும் மங்கலாக வந்தால் தகடு போயிற்று, மாற்ற வேண்டியதுதான்.

தினமும் பியூடசோனைடு வைக்கிற வீட்டுக்கு கம்ப்ரசர்தான் தோது. கரன்ட் போகும் நாளுக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரின் முன்னால் மாட்டும் குடுவை) வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பலருக்கு அதுவே போதும்.

கப் செட்டை எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் மாற்றி மாட்டினாலும் டியூப் பொருந்திவிடும். ஆனால் ஓட்டையும் கம்ப்ரசரின் காற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் துளி சரியான அளவில் வரும். அவசரத்துக்கு மாட்டலாம், நிரந்தரமாக வேண்டாம்.

வெள்ளத் தண்ணீரில் நனைந்த மிஷின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி இனியும் புகும். நனைந்த மிஷினை வெயிலில் காயவைத்து, "போட்டுப் பார்ப்போம்" என்று ஸ்விட்சைத் தட்டாதீர்கள். வெளியே காய்ந்தாலும் பிஸ்டனுக்குள் சேறு இருக்கும். ஓட்டினால் அந்தச் சேற்றுத்தூள்தான் டியூபில் முதலில் வரும். கப், டியூப், மாஸ்க், ஃபில்டர் நாலையும் குப்பையில் போடுங்கள். மிஷினை சர்வீஸ் சென்டரில் திறந்து சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டு, முதல் பத்து நிமிடம் டியூபின் நுனியில் வெள்ளைத் துணியைக் கட்டி ஓட்டச் சொல்லுங்கள். துணியில் பழுப்பு வட்டம் விழுந்தால் அந்த மிஷின் இனி மூச்சுக்கு ஆகாது.